‘சரியான மின்னஞ்சல் முகவரியைத் தரவும்’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை முதலில் உங்கள் இணையதளத்தில் வாசகர் கடிதத்துக்கென்று இருக்கும் படிவத்தில்தான் தட்டச்சு செய்தேன். எல்லாம் முடிந்து மின்னஞ்சல் கேட்கும் கட்டத்தில் என் அலுவலக முகவரியைக் கொடுத்ததும், ‘சரியான மின்னஞ்சல் முகவரியைத் தரவும்’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மூன்று முறை சரிபார்த்தேன். முகவரியில் ஒரு பிழையும் இல்லை. அதே முகவரிக்குத்தான் எனக்கு நாள்தோறும் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் அச்செடுத்துத் தபாலில் அனுப்புகிறேன்.

உங்கள் மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அமைப்புகளும் நிறுவனங்களும் டாட் காம், டாட் ஆர்க் என்று முகவரியின் கடைசிப் புள்ளியோடு வரும் பழைய பின்னொட்டுகளை விட்டுப் புதியவற்றுக்கு மாறிவருவதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நல்ல கட்டுரை. ஆனால் மாறிய பிறகு என்ன நடக்கிறது என்பது அதில் இல்லை. மாறிய ஓர் அமைப்பில் அந்த வேலையைக் கையால் செய்தவள் என்ற முறையில் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை ஒலிவடிவில் பதிவு செய்து கொடுக்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை செய்கிறேன். கணினி, மின்னஞ்சல், இணையதளம் மூன்றும் என் பொறுப்பு. எங்களுக்குப் பல வருடங்களாக டாட் ஆர்க் முகவரிதான் இருந்தது. எங்கள் பெயரை அதற்கு முன்பே வேறு யாரோ பதிவு செய்துவிட்டதால், பெயரை நீட்டி, நடுவே இரண்டு இடத்தில் சிறு கோடு போட்டு வாங்கியிருந்தோம். அதை ஃபோனில் சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். “நடுவுல ஒரு சின்ன கோடு போடுங்க... இல்லைங்க, கீழே இல்லை, நடுவுல...” திரையைப் பார்க்க முடியாத ஒருவருக்கு அந்தக் கோடு கீழே இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்று விளக்குவது இன்னும் சிரமம். முகவரியைச் சொல்வதிலேயே பாதி நேரம் போய்விடும்.

2019 நவம்பரில், டாட் ஆர்க்கை நிர்வகிக்கும் லாப நோக்கமற்ற அமைப்பான பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரியை எத்தோஸ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் அறங்காவலர்கள் முகவரியைப் பற்றிக் கவலைப்பட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. 2020 ஏப்ரல் 30 அன்று, உலக அளவில் இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு அந்த விற்பனைக்கு அனுமதி மறுத்துவிட்டது, நாங்களும் நிம்மதியானோம். ஆனாலும் ஆரம்பித்த பேச்சு நிற்கவில்லை. தொண்டு நிறுவனங்களுக்கான டாட் என்ஜிஓவை யோசித்தோம். கடைசியில் டாட் ஃபவுண்டேஷனில் எங்கள் பெயர் கோடு கீடு எதுவும் இல்லாமல் கிடைத்தது. 2021இல் மாறினோம். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் அந்த முகவரியை ஒரே மூச்சில், தடங்கல் இல்லாமல் வாசித்ததைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அடுத்த சில மாதங்களில்தான் தெரிந்தது, எங்கள் முகவரியை மனிதர்கள் ஏற்றுக்கொண்டார்கள், படிவங்கள் ஏற்கவில்லை என்று.

ஒரு இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் மாணவர் ஒருவர் கூப்பிட்டார். உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றுக்கு அன்று நள்ளிரவோடு கெடு முடிகிறது. பரிந்துரைக்கும் அமைப்பின் மின்னஞ்சல் என்ற கட்டத்தில் எங்கள் முகவரியைப் போடுகிறார், அது ஏற்கவில்லை.

“அக்கா, நான் தப்பா அடிக்கிறேனா? அஞ்சு தடவை அடிச்சுட்டேன். ஒவ்வொரு எழுத்தா வாசிக்க வெச்சும் பார்த்தேன்.”

“எது தப்புன்னு சொல்லுதுப்பா?”

“அதைச் சொல்ல மாட்டேங்குதுக்கா. ‘தவறான உள்ளீடு’ன்னு மட்டும் படிக்குது.”

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பழைய டாட் ஆர்க் முகவரியை, அந்த இரண்டு கோடுகளோடு, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அடித்தார். படிவம் அடுத்த பக்கத்துக்குப் போனது. சிறிது நேரம் அவர் பேசவே இல்லை. பிறகு கேட்டார்: “அப்போ முதல்லயே நான் சரியாத்தான் அடிச்சேனாக்கா?”

ஐயா, இந்தக் கேள்வியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சரியாக வேலை செய்த ஒரு பையனை, ஒன்றரை மணி நேரம் ‘நீ தவறு’ என்று ஒரு இயந்திரம் சொல்லியிருக்கிறது. அவரும் நம்பியிருக்கிறார். பார்வை உள்ளவர்களே நம்பிவிடுகிறார்கள். நானே உங்கள் படிவத்தின் முன் மூன்று முறை என் முகவரியைச் சரிபார்த்தேன்.

மறுநாள் அந்த உதவித்தொகை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவர், “காம், ஆர்க் மாதிரி சரியான ஐடி குடுங்க மேடம்” என்றார். விடாமல் கேட்டுக் கேட்டு அவர்களுடைய தொழில்நுட்ப ஆளைப் பிடித்தேன். இளைஞர். பொறுமையாகக் கேட்டார். நான் லைனில் இருக்கும்போதே நிரலைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேடம், பார்த்துட்டேன். கடைசிப் புள்ளிக்கு அப்புறம் ‘2 கமா 4’னு இருக்கு. இந்த நாலை எடுத்துட்டா சரியாயிடும். இதை நான் எழுதலை, எனக்கு முன்னாடி இருந்தவங்க எழுதினது. அவங்களும் எங்கிருந்தாவது எடுத்துப் போட்டிருப்பாங்க.” அந்த நாலை எடுத்தார். என்னை மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னார். போனது. சில நிமிட வேலை.

அந்த ‘2 கமா 4’ என்ன என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல் முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பின் குறைந்தது இரண்டு, அதிகபட்சம் நான்கு ஆங்கில எழுத்துதான் வரலாம் என்ற விதி அது. ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 1985இல் தொடங்கிய டாட் காம், டாட் ஆர்க், டாட் நெட் எல்லாம் மூன்றெழுத்து. நாடுகளுக்கானவை இரண்டெழுத்து. 2001இல் வந்த டாட் இன்ஃபோ நான்கெழுத்து. ஆனால் அதே 2001இல் ஆறெழுத்தில் டாட் மியூசியமும் வந்துவிட்டது! அதாவது அந்த விதி தவறாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அருங்காட்சியகங்கள் குறைவு, அவற்றுக்காக யாரும் குரல் கொடுக்கவில்லை. ஒருவர் எழுதிய வரியை இன்னொருவர் நகலெடுக்க, அதை வேறொருவர் நகலெடுக்க, அது அப்படியே படிவத்துக்குப் படிவம் பரவிவிட்டது.

இடையில் பின்னொட்டுகளின் உலகமே மாறிவிட்டது. 2012இல் ஜனவரி முதல் மே வரை ஐகேன் புதிய பின்னொட்டுகளுக்கான விண்ணப்பங்களைத் திறந்தபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 185,000 டாலர். அவற்றிலிருந்து 1,200க்கு மேற்பட்ட பின்னொட்டுகள் இணையத்துக்கு வந்தன. ஃபோட்டோகிராஃபி 11 எழுத்து, இன்டர்நேஷனல் 13 எழுத்து, எங்கள் ஃபவுண்டேஷன் 10 எழுத்து. புள்ளிக்குப் பின் 63 எழுத்து வரை இணையத்தின் விதியே இடம் கொடுக்கிறது. 63 வரை வழி இருக்கும் இடத்தில், நான்கோடு நின்றுகொள் என்று சொல்ல ஒரு படிவத்துக்கு என்ன உரிமை?

பெரிய அமைப்புகள் மாறுவதைக் கட்டுரையில் பாராட்டியிருந்தீர்கள். அதில் எனக்கும் உடன்பாடுதான். அணு ஆராய்ச்சி மையமான செர்ன், ‘ஹோம் டாட் செர்ன்’ என்று தன் பெயரையே பின்னொட்டாக வைத்துக்கொண்டது. கேனன், ‘குளோபல் டாட் கேனன்’ ஆனது. பார்க்ளேஸ் வங்கி 2015இல் ‘ஹோம் டாட் பார்க்ளேஸ்’ என்றானது; அதே வருடம் ஸ்காட்லாந்து அரசு ‘கவ் டாட் ஸ்காட்’டுக்கு வந்தது. கூட்டுறவு அமைப்புகளின் உலகச் சங்கம் டாட் கூப்பில் இருக்கிறது. டாட் பேங்க் பின்னொட்டைச் சரிபார்க்கப்பட்ட வங்கிகளுக்கு மட்டுமே தருகிறார்கள். டாட் ஆப், டாட் டெவ் முகவரிகளை உலாவிகள் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறக்கும். இவை எல்லாம் வாசகருக்கு நன்மை. பெயரின் கடைசிப் பகுதியே ‘இது இன்னார்’ என்று அடையாளம் சொல்வது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் இந்தப் பெரிய பெயர்களுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு படிவம் செர்ன் முகவரியை மறுத்தால், கேட்பதற்கு அங்கே ஒரு துறையே இருக்கிறது. எங்களைப் போன்ற சிறிய அமைப்பை மறுத்தால் இரவு பத்து மணிக்கு ஒரு மாணவர் எனக்கு ஃபோன் செய்வார், அவ்வளவுதான். ஃபோன் செய்யாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ?

தமிழில் முகவரி வைத்திருப்பவர்களின் நிலை எங்களைவிட மோசம். டாட் இலங்கை, டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே மூன்று பின்னொட்டுகள் 2010, 2011 காலத்திலேயே வந்துவிட்டன என்பது தமிழ் வாசகர்களில் பலருக்கே தெரியாது. ‘சிங்கப்பூர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஆறு எழுத்து: சி, ங், க, ப், பூ, ர். கணினிக்கு அது 11 குறியீடுகள். அவற்றில் மெய்யெழுத்துப் புள்ளி மூன்று, இகரக் கொக்கி ஒன்று, ஊகாரக் குறி ஒன்று ஆக ஐந்தை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினிக் குறியீடு தரும் யூனிகோடு ‘எழுத்து’ என்ற வகையில் வைக்கவில்லை; ‘குறி’ என்று தனி வகையில் வைத்திருக்கிறது. இதனால் என்ன ஆகிறது என்றால், ‘எந்த மொழி எழுத்தானாலும் ஏற்றுக்கொள்’ என்று நல்ல எண்ணத்தோடு ஒருவர் விதி எழுதினால்கூட, நம் புள்ளி வந்த இடத்தில் படிவம் நின்றுவிடும். சீனம் தாண்டிப் போகும், ரஷ்யன் தாண்டிப் போகும், தமிழ் மாட்டிக்கொள்ளும். சரி, தமிழ்ப் பெயர் இணையத்துக்குள் பயணம் செய்யும் ஆங்கில எழுத்து வடிவத்தையே கொடுத்துப் பார்க்கலாம் என்றால், அது ‘எக்ஸ் என்’ என்று தொடங்கி இரண்டு சிறு கோடு, நடுநடுவே எண்கள் என்று இருக்கும். பின்னொட்டில் எண்ணோ கோடோ கூடாது என்று அங்கேயும் கதவைச் சாத்துகிறார்கள்.

2013 அக்டோபர் 23 அன்று, அந்த 2012 விண்ணப்பச் சுற்றிலிருந்து முதன்முதலாக இணையத்துக்கு வந்த நான்கு பின்னொட்டுகளில் ஒன்றுகூட ஆங்கிலம் இல்லை. ஒன்று அரபி, ஒன்று சீனம், இரண்டு ரஷ்ய எழுத்து. பிற மொழி எழுத்துகளில் மின்னஞ்சல் அனுப்புவதற்கான தொழில்நுட்ப வரையறைகள் 2012லேயே வெளிவந்துவிட்டன. ஜிமெயில் 2014இலிருந்து அப்படிப்பட்ட முகவரிகளோடு கடிதம் பரிமாறுகிறது. எனவே ‘இன்னும் தொழில்நுட்பம் வளரவில்லை’ என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன். தொழில்நுட்பம் வந்து வாசலில் நிற்கிறது. படிவங்கள்தான் திறக்கவில்லை.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிய பின்னொட்டுகள் சிலவற்றை மிக மலிவாக விற்றதால் ஸ்பாம் அனுப்புகிறவர்கள் கூட்டமாக அங்கே போனார்கள். அதனால் சில அலுவலகங்களின் மின்னஞ்சல் சர்வர்கள் ஒரு பின்னொட்டையே மொத்தமாகத் தடுத்துவிடுகின்றன. கடிதம் உண்மையாகவே எங்களிடமிருந்து வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை நான் ஒழுங்காக வைத்த பிறகும் முதல் சில மாதங்கள் எங்கள் கடிதங்கள் ஸ்பாமில்தான் விழுந்தன. 2023 மே மாதம் கூகுள் டாட் ஜிப் பின்னொட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, சுருக்கிய கோப்புகளின் பெயரும் ‘டாட் ஜிப்’ என்றே முடிவதால் கோப்பின் பெயரும் இணைய முகவரியும் குழம்பும், ஏமாற்றுக்காரர்களுக்கு வசதியாகும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். எல்லாப் பின்னொட்டும் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. ஸ்பாமைத் தடுப்பது வேறு, எழுத்தை எண்ணி விரட்டுவது வேறு. ஏமாற்றுக்காரர்கள் டாட் காமிலும் இருக்கிறார்கள். அவர்கள் மூன்றெழுத்தோடு உள்ளே போய்விடுகிறார்கள்.

படிவம் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. பின்னொட்டின் நீளத்தை எண்ணாதீர்கள். பின்னொட்டு உண்மையானதா என்று பார்த்தே ஆக வேண்டுமென்றால் பின்னொட்டுகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் ஐயானா வெளியிடும் முழுப் பட்டியல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை ஒரு முறை இறக்கி வைத்துவிட்டு வருடக்கணக்காகப் புதுப்பிக்காமல் விட்டால் அதே பழைய கதைதான். எல்லாவற்றையும்விட எளிது, கொடுத்த முகவரிக்கு ஒரு உறுதிப்படுத்தும் கடிதம் அனுப்புவது. வந்து சேர்ந்தால் முகவரி சரி. சேராவிட்டால் தவறு. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. முகப்பில் ஏற்றுக்கொண்டு உள்ளே சர்வரில் சத்தமில்லாமல் தூக்கிப் போடுகிற படிவங்களும் உண்டு. அவை இன்னும் ஆபத்து, ஏனென்றால் அனுப்பியவர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி உட்கார்ந்திருப்பார். பிழை என்று சொல்ல நேர்ந்தால் எந்தக் கட்டத்தில், என்ன பிழை என்பதை எழுத்தில் சொல்லுங்கள். சிவப்புக் கோடு எங்கள் மாணவர்களுக்குத் தெரியாது.

எந்தப் பின்னொட்டானாலும், எந்த மொழியானாலும் எல்லா இடத்திலும் ஏற்கப்பட வேண்டும் என்பதற்காகவே ‘உலகளாவிய ஏற்பு’ என்ற பெயரில் ஒரு குழு 2015 முதல் வேலை செய்கிறது. 2023 மார்ச் 28 அன்று முதல் உலகளாவிய ஏற்பு தினத்தையும் கொண்டாடினார்கள். ஐகேன் அடுத்த சுற்று விண்ணப்பங்களை 2026 ஏப்ரலில் திறப்பதாக அறிவித்தது. இந்த முறை கட்டணம் 227,000 டாலர். இன்னும் பல பின்னொட்டுகள் வரப்போகின்றன. ஏற்கெனவே வந்தவற்றுக்கே கதவு திறக்கவில்லை என்பதை அவர்கள் மறக்கக் கூடாது.

மாறப்போகும் அமைப்புகளுக்கு அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். தயவுசெய்து பழைய முகவரியை விட்டுவிடாதீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு அமைப்பு, புதிய முகவரி வந்துவிட்டதே, பழையதற்கு ஏன் வீணாகப் பணம் கட்ட வேண்டும் என்று புதுப்பிக்காமல் விட்டது. சில மாதங்களில் யாரோ அதை எடுத்து அங்கே சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டார்கள். அவர்கள் விநியோகித்த ஒலிநூல் பெட்டிகளில் அந்தப் பழைய முகவரி பிரெயிலில் குத்திய ஒட்டுச்சீட்டாக இருந்தது. இணையதளத்தில் ஒரு வரியை மாற்றலாம், வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்ட பிரெயில் சீட்டை எப்படித் திருத்துவது? விரல் தடவிப் படித்து நம்பிக்கையோடு அந்த முகவரிக்குப் போகும் பிள்ளை எங்கே போய் நிற்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. போதாததற்கு, ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்’ என்று கேட்டால் வரும் கடிதங்கள் எல்லாம் பழைய முகவரிக்குத்தான் போகும். அதை யார் வாங்கினாரோ அவர் கைக்குப் போய்விடும். நாங்கள் எங்கள் டாட் ஆர்க்கை இன்றுவரை புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு வரும் கடிதங்கள் தானாகவே புதிய முகவரிக்கு வந்துவிடும். அந்த இரவில் அந்த மாணவரின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது அதனால்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து, வாசகர் படிவத்தில் நான்கு எழுத்துக்கு மேற்பட்ட பின்னொட்டு ஒன்றையும், தமிழ்ப் பின்னொட்டு ஒன்றையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்துவிட்டால் ஒரு வரி எழுதுங்கள். என் முகவரியை உறையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அந்த மாணவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், ஒலிப்பாடங்களைப் பற்றி அவர் உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒலிநூல் அறக்கட்டளை ஒன்றின் கணினிப் பொறுப்பாளர்